ஐந்தாவது இலை

வெள்ளம் வடிந்து ஆறு நாளாகியும் மலாக்காவின் காஜா பெராங்கில் சேறு காயவில்லை. இடுப்பில் கூடையோடு செண்பகவல்லி தெருவில் நடந்து வந்தாள். கூடையில் முள்ளுவாளை மீன், அதன்மேல் வாழையிலைக் கட்டு, வெற்றிலை, சாம்பிராணி. நாளைக்குப் பொங்கல். இன்றைக்கு இந்தச் செட்டிமார் தெருவில் வீட்டுக்கு வீடு செத்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடும் நாள். பார்ச்சு என்பார்கள்.

ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அடா காபார், அண்ணி?"

தகவல் உண்டா என்று மலாயில் கேட்கிறார்களாம். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு, ஒரு வாக்கியம் தமிழில் கேட்க நாக்கு வராத கூட்டம். துக்கம் விசாரிக்கவும் தெரியாது, விசாரிக்காமல் இருக்கவும் தெரியாது. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இல்லை என்று தலையசைத்தால் அவர்கள் முகத்தில் வரும் இரக்கத்தை அவளால் தாங்க முடியாது. அந்த இரக்கம், போனவன் பெரிய மனுஷன் என்பதுபோல இருக்கும்.

போனவன் வைரக்கண்ணு பிள்ளை. அவளுடைய புருஷன். சாலைப் பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர்.

பதினெட்டு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து அப்பாவோடு வந்து இறங்கியவளுக்கு, மலாக்காவில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் பிள்ளை வீடு என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்குத் தன் கல்யாணப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. சாலை போடும் கூலியாட்களிடம் பொறுக்கிய தமிழில் அவளோடு பேசினான். அதைக்கூட மன்னித்திருப்பாள். அவன் சாப்பிடுவதை மன்னிக்க முடியவில்லை. குழம்பை உறிஞ்சுவான். மீன் தலையைச் சப்புகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும். சப்பிய முட்களை வெளியே எறியாமல், பெரியதிலிருந்து சிறியதுவரை இலை விளிம்பில் வரிசையாக அடுக்கிவைப்பான், ஏதோ பாலம் கட்டுகிறவன்போல. பார்க்கும்போதெல்லாம் அவள் நாக்கைச் சொடுக்குவாள். "த்ச்." பதினைந்து வருஷத்து இல்லறம் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிவிடும். சாப்பிட வாருங்கள் என்று ஒருநாளும் அவள் கூப்பிட்டதில்லை. கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டு. அவன் வந்து உட்கார்ந்துவிடுவான், சிரித்த முகத்தோடு. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் கேவலம்.

மார்கழி மழை ஐந்து நாள் விடாமல் கொட்டியபோது, செங் ஊருக்கு அப்பால் உள்ள, கம்பம் எனும் மலாய்க் கிராமங்களுக்குப் போகும் மரப்பாலத்தைப் பற்றி ஊரே கவலைப்பட்டது. அவன் மட்டும் மார்தட்டினான். "என் பாலம். யானைய ஏத்தி நடத்து, அசையாது."

ஒரே காலையில் ஆற்றுத் தண்ணீர் மூன்று ஆள் உயரத்துக்கு வந்தது. சாலை பாளம் பாளமாகப் பெயர்ந்து போனது. மாடுகள், கோழிக் கூண்டுகள், ஒரு முழு வீட்டின் அத்தாப்பு ஓலைக் கூரை எல்லாம் மிதந்து வந்தன. துரை சீட்டு அனுப்பினார். ஆறு கூலிகளைக் கூட்டிக்கொண்டு அவன் பாலத்தில் சிக்கிய மரங்களை வெட்டித் தள்ளப் போனான். பாலம் போனது. மேலே நின்ற ஏழு பேரும் போனார்கள். மூன்று பேர் கட்டையைப் பிடித்துக் கரையேறினார்கள். இரண்டு உடல் கிடைத்தது. அவனும் சடையன் என்ற கூலியும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. இன்றோடு பதினோரு நாள்.

செய்தி வந்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. சாவதைக்கூட முழுசாகச் செய்யத் தெரியாதவன்.

முழுசாகச் செத்திருந்தால் அவள் போகலாம். தை இருபதாம் தேதி பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அண்ணன் வீட்டில் தமிழ் பேசுகிற மனுஷர்களுக்கு நடுவே ஒரு மூலை கிடைத்தால் போதும். ஆனால் கோயில் பெரியவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்: காணாமல் போனவன் மனைவி வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது, காத்திருக்கவேண்டும். சாவு உறுதியாகும்வரைக்கும் ஆட்கள் படகில் போய்த் தேடுவார்கள். செத்தவன் மனைவிதான் போகலாம்.

யார் செத்தவன் என்பதற்கு இந்தத் தெருவில் ஒரே சாட்சி. பார்ச்சு அன்று அவன் பெயருக்கு ஓர் இலை விழவேண்டும். இலை வாங்கியவனை அப்புறம் யாரும் தேடமாட்டார்கள்.

*

"அஞ்சு இலை ஏன், அண்ணி? நம்ம வீட்ல நாலு பேருதானே."

கேட்டவள் மீனாச்சி, அவனுடைய தங்கை. புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். இந்த வீட்டில் செண்பகவல்லியிடம் தமிழ் பேச முயல்கிற ஒரே ஜீவன். அதற்காகவும் அவளை இளக்காரமாகத்தான் பார்க்கமுடிந்தது.

"நாலு பேரா? எண்ணிப் பாரு. உங்கப்பா, உங்கம்மா, உன் சித்தப்பா, உன் புருஷன். அஞ்சாவது உன் அண்ணன்."

மீனாச்சி கையிலிருந்த இலையை நழுவவிட்டாள். "ஜாங்கான், அண்ணி. அப்பிடிப் பண்ணாதீங்க. அபாங் பெலும் மாத்தி. அண்ணன் இன்னும் சாகல. உடம்பு வரல்ல."

"பெலும் மாத்தியாம். பதினோரு நாள் தண்ணிக்குள்ள கெடந்தா மீனுதான் உசுரோட இருக்கும்."

"உசுரோட இருக்கறவங்க பேரை இலை முன்னால சொல்லக் கூடாது. கூப்பிட்டா வந்துருவாங்க."

"வரட்டுமே. வந்தா சோறு இருக்கு."

மீனாச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் பேர் சொல்ல மாட்டேன். எனக்கு வாயில வராது."

"நீ சொல்ல வேண்டாம்."

சொன்னபிறகுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது. யார் சொல்வது? செத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும், அதுதான் முறை. மீனாச்சி வருஷாவருஷம் தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அதைக் கேட்டு இவள் கூசுவாள். நாகப்பட்டினத்தில் எந்தப் பெண்ணும் கட்டினவன் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவளும் எடுத்ததில்லை. மரியாதையால் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லுமளவுக்குக்கூட அவனுக்கு இடம்கொடுக்க விரும்பாததால்.

இன்று கொடுக்கலாம். ஒருதடவை. கதவைச் சாத்துகிற மாதிரி.

கூடத்தில், சாமிப் படங்களுக்குக் கீழே, இலைகளை விரித்தார்கள். தேங்காய்ப்பால் சோறு, கோழி, இறால் சம்பல். ஐந்தாவது இலையில் மட்டும் அவள் தன் கையாலேயே மஞ்சளும் புளியுமாகக் கொதித்த முள்ளுவாளைப் பிண்டாங் குழம்பை ஊற்றினாள். தலையையும் வைத்தாள். சாம்பிராணிப் புகை எழுந்தது. மீனாச்சி நான்கு பெயர்களை முணுமுணுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

தூரத்துப் பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு தொடங்கியது.

செண்பகவல்லி ஐந்தாவது இலைக்கு முன்னால் நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெயரைச் சொல்ல இத்தனை பாடா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"வைரக்கண்ணு. சாப்பிட வாங்க."

அவள் எதிர்பார்த்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. வேறு யாரோ சொன்னதுபோலவும் இருந்தது. அன்பாகச் சொன்னதுபோல.

*

விருந்தாளிகள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்று வீட்டார் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். இருவரும் அடுக்களைப் பக்கம் பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். மத்தியான வெயில் மங்கி, வானம் ஈயப் பாத்திரம்போல இருந்தது. தெருவே அமைதியாக இருந்தது. எல்லா வீடுகளிலும் இதே நேரம், இதே சாத்திய கதவு. ஒரு தெரு முழுக்கக் காலி அறைகளுக்குச் சோறு போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் வாடை வந்தது.

சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு ஆற்றுச் சேற்றின் வாடை. அழுகிய இலையும் பச்சை மண்ணும் கலந்தது. தெருச் சேறுதான், காற்று திரும்பியிருக்கிறது. ஆனால் முற்றத்துக் கொடியில் துணி அசையவில்லை.

பிறகு, கூடத்துக்குள், ஈரத் துணி தரையில் உட்காருகிற சத்தம்.

மீனாச்சி அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி."

"பூனை."

உள்ளே உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மெதுவாக இல்லை. பசித்தவன் உறிஞ்சுகிற சத்தம். மூச்சுவிட நேரமில்லாமல், நாக்கும் தொண்டையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு. இடையில் மீன் தலையைச் சப்புகிற அந்தச் சத்தம். அவளுக்கு அது தெரியும். பதினைந்து வருஷமாக அடுக்களையிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். இதே கதவு வழியாக.

"பூனை இப்பிடியா சாப்பிடும்?" மீனாச்சி கிசுகிசுத்தாள்.

செண்பகவல்லியின் வாய் தானாகத் திறந்தது. பழக்கம்தான். "த்ச்" என்று நாக்கைச் சொடுக்கினாள்.

உள்ளே சத்தம் நின்றது.

நின்று, காத்திருந்தது.

பிறகு திரும்பத் தொடங்கியது. இந்தமுறை மெதுவாக. யாருக்கும் கேட்காமல் சாப்பிட முயல்கிறவன்போல.

அதுதான் அவளை எழுப்பியது. இருமிவிட்டு உள்ளே போவதுதான் முறை. அவள் இருமவில்லை. கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் யாருமில்லை. நான்கு இலைகளில் சோறு வைத்தபடியே இருந்தது. ஐந்தாவது இலை துடைத்தெடுத்ததுபோல் காலி. அதன் முன்னால் சிமெண்டுத் தரையில் ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்த அளவுக்குச் சேற்றுத் தண்ணீர் தேங்கியிருந்தது. கதவுவரைக்கும் காலடி இல்லை. சன்னல்வரைக்கும் இல்லை.

இலை விளிம்பில் முட்கள். பெரியதிலிருந்து சிறியதுவரை.

"அபாங்," என்று மீனாச்சி அழத்தொடங்கினாள். "அபாங் வந்துட்டுப் போயிட்டான்."

செண்பகவல்லி ஒரு துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். தரையைத் துடைத்தால் போதும், நினைப்பதை ஒத்திப்போடலாம். செத்தவன் வந்து தின்றான். அவ்வளவுதானே? அதற்குத்தானே இலை போட்டது? செத்தான் என்பது உறுதியாகிவிட்டது. அவள் போகலாம். துணியைப் பிழிந்தபோது அதிலிருந்து மணல் உதிர்ந்தது.

*

விளக்கு ஏற்றும் நேரத்தில் வாசலில் ஒருவன் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, முழங்கால்வரை சேறு, இடுப்பில் யாரோ கொடுத்த மலாய்க் கைலி. அவள் அவனை ஓரிரு தடவை பார்த்திருக்கிறாள். காணாமல் போனவர்களில் மற்றவன், சடையன்.

அவன் கும்பிடவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டான்:

"அம்மா, மத்தியானம் ஐயாவக் கூப்பிட்டீங்களா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன உளறுறே? அவர் பாலத்தோட போயிட்டாரு."

"போகலம்மா. ரெண்டு பேரும் அந்தக் கரையில ஒதுங்குனோம். ஐயாவுக்கு ஒரு கால் ஒடைஞ்சிருச்சு. அங்க மேட்டுல ஒரு கம்பமே மாட்டிக்கிட்டு நின்னுச்சு. புள்ளகுட்டிங்க, கெழடுங்க, எல்லாம். சாலையும் இல்ல, பாலமும் இல்ல. இருந்தது மரவள்ளிக் கெழங்குதான். ஐயா தன் பங்கைத் தொடவே மாட்டாரு. சின்னப் புள்ளைங்களுக்குக் குடுத்துருவாரு. எனக்கு ஒடம்புல கொழுப்பு சேத்து வெச்சிருக்குடா, என் பொண்டாட்டி போட்ட சோறு அப்பிடிம்பாரு."

அவள் வாசல் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"ஒக்காந்த எடத்துலருந்தே சொல்லிச் சொல்லி மூங்கில வெட்டித் தெப்பம் கட்ட வெச்சாரு. கயித்த இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இழுத்துக் கட்ட வெச்சாரு. பதினோரு நாளும் அதே வேலை. இன்னிக்கிக் காலையிலதான் ஆத்துல இழுப்பு கொறைஞ்சுச்சு. எல்லாரையும் அனுப்பிட்டு, கடைசித் தெப்பத்துல நானும் அவரும் வந்தோம். நடு ஆத்துல இருக்கும்போது இந்தக் கரைப் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்க. ஐயா தலையத் தூக்கினாரு. கேட்டியாடா சடையா, அவ என்னையக் கூப்பிடுறா அப்பிடின்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. என் பேரச் சொல்லிட்டாடா, அவ வாயால என் பேரு வந்துருச்சுடான்னு சிரிச்சாரு. சாப்பிடக் கூப்பிடுறான்னாரு."

சடையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கயித்த விட்டுட்டு எந்திரிச்சு நின்னாரும்மா. ஒடைஞ்ச காலோட. கரையில எறங்குற மாதிரிக் கால எடுத்து வெச்சாரு."

"விழுந்துட்டாரு," என்றாள் அவள். அது கேள்வி இல்லை, கட்டளை. அப்படி இருக்கவேண்டும்.

"விழலம்மா. ரெண்டு எட்டு நடந்தாரு. அப்பறந்தான் ஆளக் காணோம்."

உள்ளே மீனாச்சி கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். எப்போதும் இரக்கத்தோடு பார்க்கிற அந்தக் கண்களில் முதல்முறையாக வேறொன்று இருந்தது. செண்பகவல்லிக்கு அதை அடையாளம் தெரிந்தது. பதினைந்து வருஷமாக அவள் சுமந்த பார்வை அது. வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்போல.

*

பொங்கல் அன்று காலை ஆற்றுமுகத்தில் உடல் ஒதுங்கியது. பட்டினியில் வற்றிப்போயிருந்தது. அவன்தான் என்று நம்பவே நேரமாயிற்று. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் வலது கை விரல்களில் மட்டும் மஞ்சள் கறை போகவில்லை. பெட்டியில் வைக்குமுன் துணியால் தேய்த்துப் பார்த்தார்கள். சோப்புப் போட்டும் பார்த்தார்கள்.

காரியங்கள் முடிந்தன. இப்போது அவள் செத்தவன் மனைவி, சந்தேகமில்லாமல். யாரும் தடுக்கவில்லை. கிளம்புகிற அன்று மீனாச்சி மட்டும் வாசல்வரை வந்தாள்.

"அண்ணி, இலைக்குக் கூப்பிட்டவங்கதான் வருஷா வருஷம் கூப்பிடணும். நீங்க போயிட்டா அபாங் எங்க சாப்பிடுவான்?"

"இன்னும் பசிக்குதாமா உங்கண்ணனுக்கு?"

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குரல் பழையபடி இருந்தது. அதில் அவளுக்கு ஒரு திருப்தி. அவனைப் பற்றிச் சடையன் சொன்னதையெல்லாம் இத்தனை நாளாக ஒரு மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவைத்திருந்தாள். பிரித்தால், பதினைந்து வருஷமாகத் தான் யாரை வெறுத்தாள் என்ற கேள்வி வரும். நல்லவன் ஒருவனை வெறுத்திருந்தால் அவள் என்ன ஆவாள்? வேண்டாம். கேவலமானவனாகவே இருக்கட்டும். அவளுக்கு அதுதான் வசதி.

கப்பல் பினாங்கை விட்ட மறுநாள், மேல்தளத்தில் கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். நல்ல வெயில். சுற்றிலும் ஊருக்குத் திரும்புகிற ஜனங்கள், எல்லாரும் தமிழ் பேசினார்கள். துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் கட்டி வாங்கிய இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். தயிர்சோறு, ஊறுகாய். புருஷன் போனபின் அவள் மீன் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ ஒரு மனைவி தன் கணவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எவ்வளவு சாதாரணமான குரல். நாலு வார்த்தைகூட இல்லை.

அவள் கடலைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். வயிறு நிறையவே இல்லை. இரண்டு பேர் ஒரு பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டதுபோல் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

இலையை மடிக்கக் குனிந்தாள்.

வெயிலில் காய்ந்து சுட்ட பலகையில், அவளுக்கு எதிரே, ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு ஈரம்.

இலையின் மறுவிளிம்பில் மீன் முட்கள். பெரியதிலிருந்து சிறியதுவரை, வரிசை பிசகாமல்.

அவள் நாக்கு பழக்கத்தில் மேலண்ணத்தைத் தொட்டது. சொடுக்கவில்லை. சொடுக்குமுன், எதிரேயிருந்த ஈரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"த்ச்."